எழுபத்தொன்றும் ஒரு கமர்கட்டும்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தத்திலிருந்து மாமா போன் செய்தார். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அக்காவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவுச் சோதனை வைத்தார்களாம். ஐ.க்யூ. நூற்று முப்பத்தொன்றாம்.

"ஸ்கூல்லயே இவன்தான்டா ஜாஸ்தி. டீச்சரம்மா ஆடிப் போய்ட்டாங்க" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்தான். மனுஷன் அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"ஆமா, உம் பொண்ணுக்குக்கூட அந்தக் காலத்துல நூத்திப் பதினாறுன்னு சொன்னியே குமரேசா. ஊரு பூரா லட்டு குடுத்தியே. இப்ப இன்னா கிழிச்சிட்டா? கால் சென்டர்ல போன் எடுத்துக்கினு குந்திக்கினு கீறா."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுதினால், இதைப் போடப்போகிற நம்மூர் இதழின் ஆசிரியர் வெட்டிவிடுவார். என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமாவா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போறது இல்ல" என்று அவளே முடிவு செய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமாவுக்கு அந்த நூற்றுப் பதினாறு மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் ஒரு எழுபத்தொன்று இருந்தது. அதை நாங்கள் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் மகள் மலரிடமே அதுவரை சொன்னதில்லை. பதினாலு வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு நம்பர் வாங்கிக்கொண்டு அலைகிறவர்கள் படிக்கட்டும். மாமாவும் படிப்பார். திட்டிக்கொண்டே படிப்பார், ஆனால் படிப்பார்.

2

மலர் பிறந்த வருஷம்தான் நான் பெங்களூர் பீன்யாவுக்கு வந்தேன். ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. காலையில் வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தால் ஷிப்ட் முடிகிறவரை அளப்பேன். அளவுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. சிவப்புத் தட்டில் போட்ட எதற்காகவும் நான் தூக்கம் கெட்டதில்லை. ஆள் பொய் சொல்லலாம், நம்பர் சொல்லாது என்பது என் கட்சி. இந்தக் கட்சியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மலருக்கு மூன்று வயது நடந்தபோது, தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரித் தகராறில் தமிழர்களுக்கு எதிராகப் பெங்களூர் பற்றிக்கொண்டது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. எங்கள் லைன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பயம் என்பது நமக்கு ஏதாவது ஆனால்தான் வரும் என்று இல்லையே. கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோகூட வைக்காமல் உட்கார்ந்திருந்தோம். மலர் மட்டும் ஜன்னலில் ஏறி நின்று, "அப்பா, நாயி பாரு, நாயி பாரு!" என்று தமிழில் கத்துவாள். சரோஜா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்துவாள்.

கலவரம் அடங்கிப் போனது. எங்கள் வீட்டில் அது ஒரு சட்டத்தை விட்டுவிட்டுப் போனது. வாசல்படி தாண்டினால் தமிழ் கிடையாது. கன்னடம் பேசு, ஸ்கூல் இங்கிலீஷ் பேசு, எதுவும் வரவில்லை என்றால் சும்மா இரு. யாராவது தமிழில் வாயைக் கிளறினால் பதிலே சொல்லாதே.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டம் எப்படிப் புரியும்? அதனால் சரோஜா அதை விளையாட்டாக்கினாள். குழாயடிக்குப் போகும்போது திடீரென்று, "பாப்பா, இன்னா சாப்ட்டே?" என்று காதோரம் தமிழில் கேட்பாள். மலர் வாயைத் திறந்தால் தோல்வி. உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தால் வெற்றி. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வென்றவள் கையை நீட்டுவாள். உள்ளங்கையில் ஒரு கமர்கட் வைப்போம். குடியாத்தத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் நிறைய வாங்கி வந்து, மேல் அலமாரியில் வைத்திருப்போம்.

பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரம்மா, கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஆட்கள் என்று எங்களுக்குத் தெரிந்தவர்களை எல்லாம் ஏவிவிட்டுச் சோதிப்போம். தெருவில் சிரித்த முகத்தோடு வந்து, கன்னத்தைக் கிள்ளி, "உம் பேரு இன்னா கண்ணு?" என்று தமிழில் கேட்பார்கள். மலர் மசியமாட்டாள். நான்கு வருஷத்தில் அவள் தோற்றதாக எனக்கு ஞாபகமே இல்லை. "கல்லுளிமங்கி!" என்று நானே பெருமைப்பட்டிருக்கிறேன்.

பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் கன்னடம் என்று எழுதினேன். மலர்விழி என்று பெயர் வைத்துவிட்டுத் தாய்மொழி கன்னடம் என்று எழுதிய ஆள் பெங்களூரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

3

இப்போது மலருக்கு இருபத்தொரு வயது. பி.காம். முடித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் அழைப்பு மையத்தில் இருக்கிறாள். பீன்யா நகரத்தின் ஒரு கோடி, அது இன்னொரு கோடி. மத்தியானம் கம்பெனி வேன் வந்து மெயின் ரோட்டில் நிற்கும். என் ஷிப்ட் ஒத்துவரும் நாட்களில் அவளோடு அதுவரை நடந்து போவேன். பாதி வழி அவள் போனில் கன்னடம் பேசுவாள், மீதி வழி இங்கிலீஷ். நடுவில் எனக்கென்று இரண்டு வார்த்தை தமிழ் கிடைக்கும். "வெயில்ல நிக்காதப்பா, போ."

இந்த வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். அதுவும் அறிவுச் சோதனை மாதிரிதான். கட்டங்கள், எண் வரிசை, அடுத்து வருவது எது. நூலிழையில் தேறினாள். தேர்வு நடந்த கட்டடத்துக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தபோது என் கை நடுங்கியது. கூட நின்ற ஒருத்தர், "சுகரா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரம்தான் அந்த நடுக்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

4

மலர் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அவள் பள்ளியில் ஒரு புது வழக்கம் வந்தது. வகுப்பில் மந்தமாக இருக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, வாரம் ஒருநாள் வருகிற கவுன்சலர் மேடத்திடம் அனுப்பிச் சோதிப்பது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு இரண்டாம் வகுப்பிலேயே களை எடுக்கிறார்கள் என்று ஆயாம்மா சொன்னாள். மலர் வகுப்பில் வாயே திறப்பதில்லை, எதைக் கேட்டாலும் யோசித்துக்கொண்டே நிற்கிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பினார்.

நானும் சரோஜாவும் லீவு போட்டுவிட்டுப் போனோம். வெளியே பெஞ்சில் எங்களோடு இன்னொரு அம்மாவும் ஒரு பையனும். அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் பையன் முதலில் போய் வந்தான். அப்புறம் மலர் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மலர் வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அப்படி ஒரு சிரிப்பு, உதட்டை இறுக்கிக்கொண்டு, அடக்க முடியாமல் கண்ணால் வழிகிற சிரிப்பு. நேராக எங்களிடம் வந்து கையை நீட்டினாள். நன்றாகச் செய்துவிட்டாள் போலிருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டேன்.

எங்களை மட்டும் ஹெட்மிஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேடமும் இருந்தார். நெற்றியில் பெரிய பொட்டு வைத்த, சாந்தமான அம்மா.

"செவன்ட்டி ஒன்" என்றார் ஹெட்மிஸ்.

எனக்கு அது மார்க் என்று தோன்றியது. எழுபத்தொன்று, பரவாயில்லையே என்று சிரித்தேன். யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. நூறு என்பது சாதாரணப் பிள்ளை, எழுபத்தொன்று என்றால் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு அவளால் ஓட முடியாது என்று மேடம் விளக்கினார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"நானும் தமிழ்தான் சார், அல்சூர். பேரைப் பாத்து நீங்களும் தமிழ்னு தெரிஞ்சிடுச்சு. இங்கிலீஷ், கன்னடத்துல குழந்தை திணறுச்சு. சரி, பாஷைதான் பிரச்சனையோன்னு தமிழ்லயே கேட்டுப் பாத்தேன். அப்புறம் ஒரு கேள்விக்குக்கூட வாயைத் தொறக்கல. தாய்மொழியிலயே பதில் வரலேன்னா..." முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வருஷக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே நகரத்தின் தென்பக்கம் ஒரு பள்ளி இருக்கிறது, இங்கே சம்மதக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஹெட்மிஸ் கன்னடத்தில் சொன்னார். "வெளியே வந்தப்போ கவனிச்சீங்களா? சிரிச்சுட்டே வந்தா. தோத்துட்டோம்னுகூட அவளுக்குத் தெரியல" என்றும் சொன்னார்.

நான் என் கட்சியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நம்பர் பொய் சொல்லாது. சட்டைப் பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். சரோஜாதான் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது கன்னடம் பாதிதான் வரும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, "ஒந்து வாரா டைம் கொடி மிஸ், ஒந்தே வாரா" என்றாள். ஒரு வாரம் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் மலர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மறுபடி என்னிடம் கையை நீட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினோம். தாழ்ப்பாள் சத்தம் அடங்கவில்லை, மலர் குதித்தாள். "கமர்கட் குடு!"

"எதுக்குடி?" என்றாள் சரோஜா. குரலில் உயிரே இல்லை.

"அந்த ஆன்ட்டி தமிழ்ல கேட்டாங்கல்ல? நான் பேசவே இல்லியே! எவ்ளோ கேட்டாங்க தெரியுமா? படம் காட்டிக் கேட்டாங்க. கன்னத்த தடவிக் கேட்டாங்க. சாக்லேட் தரேன்னாங்க. நான் ஒண்ணுமே பேசல. நாக்க கடிச்சிக்கினே இருந்தேன்."

சரோஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிரித்த முகத்தோடு ஒரு அம்மா, வீட்டுக்கு வெளியே, தமிழில் கேட்கிறாள். மலருக்கு அது ஐ.க்யூ. சோதனை இல்லை. நாங்கள் நான்கு வருஷமாக வைத்த அதே சோதனை. எங்களுக்குத் தெரிந்தவர்களை ஏவிவிடுவது எங்கள் வழக்கம்தானே. அந்த மேடத்தையும் நாங்களே அனுப்பியதாகப் பிள்ளை நினைத்திருக்கிறாள்.

நான் அலமாரிப் பாட்டிலை எடுக்கப் போனேன். எடுக்காமல் எப்படி? அவள் ஜெயித்திருக்கிறாள். சரோஜா தரையிலிருந்தபடியே என் வேட்டியைப் பிடித்தாள்.

"குடுக்காதீங்க. இப்பக் குடுத்தா அந்தம்மாகிட்ட இனிமே ஜென்மத்துக்கும் வாயத் தொறக்க மாட்டா."

சரியான பேச்சு. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டேன். மலர் நீட்டிய கையை மடக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. எங்கே தப்புச் செய்தோம் என்று யோசிக்கிற முகம் அது. எழுபத்தொன்று வாங்கிய பிள்ளை அப்படி யோசிக்குமா என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் மேடத்தைத் தேடிக்கொண்டு அல்சூரில் அவர் வீட்டுக்கே போய், எங்கள் கமர்கட் விளையாட்டைச் சொன்னேன். அவர் பையிலிருந்து விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். முன்பக்கங்களில் மெதுவாக, தட்டுத்தடுமாறி, ஆனால் பெரும்பாலும் சரியான பதில்கள். ஒரு இடத்தில் ஓரமாக 'தமிழ்' என்று அவரே எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வெறும் தாள்.

"உதவி பண்றதா நெனச்சு நானே வாயை அடைச்சிருக்கேன்" என்றார். பிறகு, வேறு கேள்விகளோடு இன்னொரு சோதனை இருக்கிறது, அடுத்த வாரம் வைக்கிறேன் என்றார். அதே அறையில்தான் வைக்க வேண்டும், பெற்றோர் உள்ளே இருக்கக்கூடாது. கன்னடத்திலேயே கேட்டுவிடுங்களேன் என்றேன். தலையாட்டி மறுத்தார். "யோசிக்கிறது தமிழ்ல சார் அவ. கன்னடத்துல கேட்டா பாதிதான் வெளிய வரும். அவளைத் தமிழ்ல பேச வெச்சு அனுப்புங்க."

6

ஒரு வாரம்தானே, பேசு என்றால் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த வாரம் போல ஒரு வாரம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அந்த ஆன்ட்டி தமிழ்ல கேட்டா தமிழ்லயே பதில் சொல்லலாம் மலரு" என்றோம். "சரிப்பா" என்றாள். கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு. தெருவில் இறங்கியதும் சரோஜா, "ஸ்கூல்ல இன்னா பாட்டு சொல்லிக் குடுத்தாங்க?" என்று தமிழில் கேட்டாள். மலர் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "பாத்தியா? நான் ஏமாறலியே!" என்று கையை நீட்டினாள்.

கெஞ்சினோம். சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்தோம். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. நாங்கள் கெஞ்சக் கெஞ்ச, இது ரொம்பக் கஷ்டமான சோதனை போலிருக்கிறது என்று அவள் இன்னும் இறுக்கமானாள். ஒருதடவை எனக்குக் கோபம் தலைக்கேறிக் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டே அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஐயோ, எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக் கையை இறக்கிக்கொண்டேன்.

பள்ளிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் சரோஜாதான் சொன்னாள். "அவ எப்டிங்க நம்புவா? நாமளே வெளிய தமிழ் பேசறது இல்லியே."

உண்மை. அந்தச் சோதனைக் கேள்விகளைத் தவிர, நானும் அவளும் தெருவில் தமிழ் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. கறிகாய் பேரம் கன்னடம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் மௌனம். பிள்ளை எங்கள் பேச்சையா பார்ப்பாள், எங்களையல்லவா பார்ப்பாள்?

மூன்று பேரும் தெருவுக்கு வந்தோம். ஷிப்ட் விடுகிற நேரம். குழாயடியில் குடங்கள், டீக்கடையில் ஆட்கள், ரங்கண்ணாவின் மளிகைக் கடையில் கூட்டம். ரங்கண்ணா துமகூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், அவரிடம் நாங்கள் கன்னடம் தவிர ஒரு வார்த்தை பேசியது கிடையாது. மலரைக் கடையருகே நிற்கவைத்துவிட்டு நான் தெருவின் அந்தப் பக்கம் போனேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மலரு! இங்க வா சாமி! அப்பாகிட்ட வா!"

நான் கத்திய சத்தம் எனக்கே பயமாக இருந்தது. குழாயடி திரும்பிப் பார்த்தது. டீக்கடை திரும்பிப் பார்த்தது. மலர் வெளிறிப் போய் நின்றாள். அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தன. யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்கிறாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் விடவில்லை. "வாம்மா! பயப்படாத! தமிழ்லயே பேசு!"

ரங்கண்ணா தராசைக் கீழே வைத்தார். கடையை விட்டு வெளியே வந்தார்.

"ஏன் சார் இப்பிடிக் கூவறீங்க?" என்றார், தமிழில். "பாப்பாக்குக் காது கேக்கலியா?"

அவர் பேசியது துமகூர்த் தமிழ், ஆனால் தமிழ். குழாயடியில் ஒரு அம்மா சிரித்தார். டீக்கடையிலிருந்து ஒருத்தர், "பாப்பாக்குக் கேக்குது, தெருவுக்கே கேக்குது" என்றார், அவரும் தமிழில். தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. நாங்கள் தமிழர்கள் என்பதோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியாது.

மலர் ரங்கண்ணாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நான்கு வருஷத்தில் தெருவில் அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. அங்கேயே, தெரு நடுவிலேயே, அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். பார்க்கட்டும் என்று அழுதேன்.

7

மறுநாள் அதே பெஞ்ச், அதே கதவு. இந்தத் தடவை கதவுக்குள்ளிருந்து தமிழ்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் மலர் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். சரோஜா என் கையை நகம் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

நூற்றுப் பதினாறு. ஹெட்மிஸ் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சம்மதத் தாளைக் கிழித்தார். நான் பள்ளிக்கூட வராந்தாவிலேயே குதித்தேன். ஊருக்குப் போய் லட்டு வாங்கிக் கொடுத்தேன், மாமா வாங்கித் தின்றது இரண்டு.

மலர் மட்டும் அன்றைக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். கையை நீட்டவில்லை. "நான் பேசிட்டேன்ப்பா" என்றாள், தோற்றவள் மாதிரி. அந்தச் சந்தோஷத்தில் அது என் காதில் விழுந்தும் விழவில்லை.

கம்பெனியில் ஒரே ஜாப்பை, அதாவது கடைந்த சாமானை, இரண்டு தடவை அளந்து இரண்டு அளவு வந்தால், ஜாப்பைத் தூக்கி எறியமாட்டோம். கருவியைத்தான் சரிபார்க்க அனுப்புவோம். எனக்கு அது தெரியும். இருந்தும் எழுபத்தொன்றைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு நூற்றுப் பதினாறை மாலை போட்டுக் கும்பிட்டேன். அது நல்ல நம்பராயிற்றே! எழுபத்தொன்றாவது ஒரு வாரம்தான் எங்களை ஆட்டிவைத்தது. நூற்றுப் பதினாறு பத்து வருஷம் மலரின் தலையில் உட்கார்ந்திருந்தது. கணக்கில் நாற்பது வாங்கினால், "நூத்திப் பதினாறு இருந்தும் இப்டியா?" எஸ்.எஸ்.எல்.சி.யில் சாதாரணமாகத் தேறினால், "மூளை இருக்குது, சோம்பேறித்தனம்." இன்ஜினியரிங் கிடைக்காதபோது நான் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. மாமாவைத் திட்டிவிட்டேன் என்று எழுதினேன். அவர் கேட்ட கேள்வியை அவருக்கு முன்னால் பலதடவை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்த அம்மாவைச் சொன்னேனே. அவர் பையன் அடுத்த வருஷம் பள்ளியில் இல்லை. அவனுக்கு என்ன நம்பர் போட்டார்களோ, எதனால் போட்டார்களோ. இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள் என்று கேட்க அந்த அம்மாவுக்குத் தைரியம் வந்ததோ இல்லையோ. அவனை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

8

மாமாவோடு சண்டை போட்ட மறுநாள், வேனுக்காக நடந்து போகும்போது, மலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுபத்தொன்றையும் சேர்த்து. அவள் காதிலிருந்து போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்த ரூம் எனக்கு ஞாபகம் இருக்குப்பா" என்றாள். "அவங்க கேட்டதுகூட ஞாபகம் இருக்கு. மழை எங்கேருந்து வருது, தையல்காரர் என்ன செய்வாரு. எல்லாமே தெரியும். நாக்கு நுனியில நிக்கும். சொல்லாம இருக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. அதுக்கப்புறம் எத்தன பரீட்ச எழுதிட்டேன், அவ்ளோ கஷ்டமா ஒண்ணுகூட இல்ல."

மெயின் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் நிறுத்தாமல் பேசினாள், தமிழில், சுற்றிலும் ஆட்கள் நிற்க.

"ஆபீஸ்ல சில போன் காலு வரும்ப்பா. எடுத்தா பேச்சே இருக்காது. யாரோ ஆஸ்பத்திரியில நிப்பாங்க, பணம் கட்டச் சொல்லியிருப்பாங்க, எந்த பாஷையில கேக்கறதுன்னு தெரியாம அப்டியே நிப்பாங்க. மூச்சு மட்டும் கேக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு வெச்சிடலாம், அதுதான் ரூல். எங்க டீம்ல அந்த மாதிரி கால எல்லாம் என்கிட்டதான் தள்ளுவாங்க. நான் வைக்க மாட்டேன். ஒவ்வொரு பாஷையா மெதுவா கேட்டுப் பாப்பேன். யாராயிருந்தாலும் கடைசில பேசிடுவாங்க."

"உனக்கு எப்டிடா தெரியும், பேசுவாங்கன்னு?"

"பேசாம இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தமா என்ன?" என்றாள்.

வேன் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை வெளியே நீட்டினாள். டாட்டா சொல்கிறாள் என்று நானும் கையைத் தூக்கினேன். அவள் கை அசையவில்லை. உள்ளங்கை மேலே பார்த்து, குவிந்து இருந்தது. முகத்தில் அதே சிரிப்பு, உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணால் வழிகிற சிரிப்பு. வேன் நகர்ந்து திருப்பத்தில் மறைகிறவரை அந்தக் கை உள்ளே போகவில்லை.

நேராக ரங்கண்ணா கடைக்குப் போனேன். கமர்கட் எல்லாம் இப்போது யார் சார் வாங்குகிறார்கள் என்று சிரித்தார்.

மாமா, கோபத்தில் ஏதேதோ சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பேரனுக்கு என் ஆசீர்வாதம். அக்காவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வரும்போது நம்ம கடைத்தெருவில் கொஞ்சம் கமர்கட் வாங்கி வாருங்கள். என் பெண் ஏழு வயதில் ஒரு பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அதற்கு நாங்கள் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.